ராமேஸ்வரம் கரையில் ஒரு கோடை: சர்ஃபிங் படம் எடுக்க வருகிறவர்களுக்கு

ஆள் உயரத்துக்கு மேல் சுருண்டு விழும் அலைதான் வேண்டுமென்றால் ராமேஸ்வரத்துக்கு வராதீர்கள். சென்னைப் பக்கத்துக் கோவளமோ மாமல்லபுரமோ போங்கள், தெற்கே என்றால் மணப்பாடு இருக்கிறது. இங்கே கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிற அலையை இலங்கை மறித்துவிடும். மிச்சம் தெற்கே திறந்திருக்கிற வாசல் வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் நுழைவதுதான், அதையும் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக நிற்கிற 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் உடைத்துவிடுகின்றன. அதனால்தான் மண்டபத்திலோ கீழக்கரையிலோ கரையில் நின்றால் குளத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும். தீவு மறைக்காத இடம் என்றால் தனுஷ்கோடியின் தென்கரைதான். அங்கே வருவது இடுப்பளவு, சில நாள் நெஞ்சளவு அலை. ஆனால் ஒரே நாளில் காலையில் அலையில் போர்டு ஓட்டுகிறவரையும், மாலையில் கண்ணாடி மாதிரியான தண்ணீரில் கைட் என்கிற பெரிய பட்டத்தைக் கட்டிப் பறக்கிறவரையும் ஸ்கூட்டரிலேயே போய்ப் படம் எடுத்துவிடலாம் என்பது இந்தக் கரைக்கே உரிய வசதி. கோடை முழுக்க இங்கே தங்கலாம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

சரி, எந்தக் கரை, எப்போது? இதற்குக் காற்றைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள், தனுஷ்கோடியில் பெண்கடல், ஆண்கடல் என்றும் கேட்பீர்கள். சித்திரை பிறந்ததும் சோழகக் காற்று கிளம்பும், தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிற காற்று. அது தென்கடலைக் கலக்கும், வடகடலைத் தரையோடு தட்டி வைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையில் காற்று ஓய்ந்திருக்கும், அந்தக் கொஞ்ச நேரம்தான் தென்கரையில் அலை ஒழுங்காக, வரிவரியாக வரும். பத்து, பதினொரு மணிக்குக் காற்று ஏறிவிட்டால் அலை கந்தலாகிவிடும், போர்டைச் சுருட்டிக்கொண்டு போகலாம். ஜூன், ஜூலையில் ராத்திரியிலும் காற்று விடாது, அப்போது அலைச்சறுக்கை மறந்துவிட்டு கைட் பக்கம் போய்விட வேண்டியதுதான். வடகடல் கரையில் இருக்கிற அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும், தண்ணீர் மட்டமாகக் கிடக்கும், கைட் ஓட்டுகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். ஆனால் அதே காற்று, போர்டு கைவிட்டுப் போனவரை நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். மீட்புப் படகு இல்லாமல் இறங்குகிற குழுவோடு வேலை ஒத்துக்கொள்ளாதீர்கள். கரையில் பெரிய லென்ஸோடு நிற்கிற உங்களுக்குத்தான் முதலில் தெரியும் யார் தூரமாகப் போகிறார்கள் என்று, அதனால் படகுக்காரர் நம்பர் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

கள்ளக்கடல் நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ வெகு தூரத்தில் புயலடித்து எழும்பிய அலை, சில நாள் பயணம் செய்து, இங்கே துளிக் காற்றுகூட இல்லாத நேரத்தில் வந்து கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இதற்கு எச்சரிக்கை விடும், அதில் அலை உயரத்தோடு இரண்டு அலைக்கு நடுவே எத்தனை நொடி என்பதும் இருக்கும். பலர் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு நொடிக் கணக்குதான் முக்கியம்: ஆறு, ஏழு நொடி என்றால் உள்ளூர்க் காற்று கிளப்பிய அலை, பதினைந்தைத் தாண்டினால் தூரத்து அலை, அதற்கு இழுப்பும் அதிகம். படத்துக்கு இதைவிட அழகான நாள் கிடைக்காது, தண்ணீருக்குள் இறங்கக் கூடாத நாளும் இதுதான். கரையிலிருந்து, அதுவும் மேடான இடத்திலிருந்து எடுங்கள். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கிற இடத்தில் நீரோட்டம் எந்த நாளிலும் ஆபத்து, அங்கே முழங்கால் அளவுகூட வேண்டாம்.

அடுத்தது வெயில். இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் தேதியையொட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, மத்தியானம் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே கிடக்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. வடஇந்தியாவில் எழுதிய போட்டோகிராபி பாடங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். தனுஷ்கோடி நிலம் தென்கிழக்காக நீண்டு கிடப்பதால் தென்கரை உண்மையில் தென்மேற்கைப் பார்க்கிறது, கோடையில் சூரியனோ வடகிழக்கில் உதிக்கிறது. அதாவது காலையில் தென்கரையில் நின்று கடலைப் பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், அலையின் முகத்தில் முழு வெளிச்சம், தண்ணீரின் பச்சை அப்படியே வரும். காற்று ஓய்ந்திருப்பதும் அதே நேரம். சாலையைக் கடந்து வடகரைக்குப் போனால் அதே சூரியன் கண்ணைக் குத்தும். மாலையில் அரியமானில் வெயில் இடப்பக்கத்திலிருந்து தண்ணீரை ஒட்டிக் குறுக்கே வரும், கைட் துணியில் ஊடுருவி நிறம் எரியும். நிழலுருவப் படங்களுக்கு அந்தக் கடைசி அரைமணி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து தினசரி வாழ்க்கை தானாக அமைந்துவிடும். ஆறு மணியையொட்டி விடியும், இருட்டு நேரத்தில் தனுஷ்கோடிக்குள் விடமாட்டார்கள், மாலையில் போலீஸே எல்லோரையும் கிளப்பிவிடும். நேரம் அவ்வப்போது மாறுவதால் முந்தின நாளே செக்போஸ்ட்டில் கேட்டுக்கொள்வது நல்லது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது, இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை போகிறது. அந்தச் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, நிழல் கிடையாது, சோழகம் மணலைச் சாலை மேல் வாரிப் போட்டிருக்கும் என்பதால் ஸ்கூட்டரில் பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும். தண்ணீரை நினைத்ததைவிட அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் மணலிலிருந்து கானல் எழும்ப ஆரம்பித்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் தூரத்து ஆள் நெளிநெளியாகத்தான் விழுவார். அதைக் கேமராவின் ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், தண்ணீர் விளிம்புக்கு இறங்கிப் போங்கள், நடுவில் மணல் குறைந்தால் கானலும் குறையும். அப்புறம் மத்தியானம் தூக்கம். கத்திரி வெயிலில் வெளியே நின்று எதையும் சாதிக்கப் போவதில்லை.

செட்டிங் விஷயத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஷட்டர் 1/1600-க்குக் கீழே போக வேண்டாம், நுரை வெள்ளையாக வெந்துபோகாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். 100-400 லென்ஸ் தென்கரைக்குப் போதும், கைட்டுக்கு 600 வரை இருந்தால் நல்லது. கைட் படத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, ஆளை மட்டும் நெருக்கி எடுத்துவிட்டு மேலே இருக்கிற கைட்டை விட்டுவிடுவது, பார்க்கிறவருக்கு அந்த ஆள் எதற்காக அந்தரத்தில் தொங்குகிறார் என்றே புரியாது. கயிறு இருபது மீட்டருக்கு மேல் இருக்கும், ஆகவே அகல லென்ஸ் ஒன்றும் கையில் வேண்டும். தனுஷ்கோடியின் வெளிர்மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் தொப்பி போட்டவர் முகம்கூடக் காலையில் இருட்டாக விழாது. இது சும்மா கிடைக்கிற ரிஃப்ளெக்டர்.

தண்ணீருக்குள் இறங்கி எடுக்கிறவர்களுக்கு: ஹவுசிங்கின் (கேமராவைப் போடுகிற, தண்ணீர் புகாத பெட்டி) உருண்டைக் கண்ணாடியில் துளி துளியாகத் தண்ணீர் நின்றால் படம் போச்சு. அதை நாக்கால் நக்கி, எச்சிலைப் பரப்பி, ஒரு முறை கடலில் முக்கி எடுத்தால் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்துவிடும், அலை வருகிற நேரத்துக்குச் சரியாக முக்கித் தூக்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வடகடல் ஆழம் குறைவு, மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடந்தால் அது விலகிப் போய்விடும். சொறி என்கிற ஜெல்லி மீன் நிறையத் தெரிகிற நாளில் முழுக்கை ரேஷ்கார்டு (உடம்பை ஒட்டிய நீச்சல் சட்டை) போடுங்கள், பட்டுவிட்டால் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

உப்பும் மணலும்தான் இங்கே கேமராவைக் கொல்வது, மழை இல்லை. சோழகம் அடிக்கிற நாளில் காற்றில் உப்புத்தூவல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து முன் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பால் வடிந்து காய்ந்த மாதிரி ஒரு படலம் தெரியும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புக் கல்லே கீறிவிடும், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்ற வேண்டும், அதன் பிறகுதான் மைக்ரோஃபைபர். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்டால் உடனே திருப்புவதை நிறுத்துங்கள், மணல் உள்ளே போயிருக்கிறது, லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் ஊதுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது, இரண்டு பாடி இல்லையென்றால் அன்றைக்கு ஒரு லென்ஸ்தான் என்று வீட்டிலேயே முடிவு பண்ணிவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கேமராவை எடுத்து வந்தால் உள்ளுக்குள் வேர்த்துவிடும், பைக்குள்ளேயே வைத்து அரைமணி நேரம் விட்டு எடுங்கள், அல்லது ஏசி இல்லாத முன்னறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். சிலிக்கா ஜெல் நீலமாக இருந்தது நிறம் மாறிவிட்டால் வாணலியில் லேசாக வறுத்தால் திரும்பி வரும், சமையல் வாணலியில் வேண்டாம். ட்ரைபாட் கால்களைக் கழற்றிக் கழுவுவதை யாரும் செய்வதில்லை, ஒரே சீசனில் பூட்டு இறுகிவிடும்.

ட்ரோன் கொண்டு வருகிறவர்கள் கவனம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, கடல் எல்லை பக்கத்திலேயே, கடலோரக் காவல் படை ரோந்து எந்நேரமும் உண்டு. அனுமதி கையில் இல்லாமல் மேலே ஏற்றினால் ட்ரோன் போவதோடு முடியாது, விசாரணையில் நாள் போகும். மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகள் 1986-இலிருந்து கடல் தேசியப் பூங்கா, படகுக்காரர் யாராவது ‘கூட்டிட்டுப் போறேன்’ என்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2025-இல் தனுஷ்கோடியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது, அங்கே பறவைகளை விரட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிற வேலை வேண்டாம்.

மனிதர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகும் கரைவலையும்தான் தொழில். கரைவலை இழுக்கிற இடத்தில் சர்ஃப் போர்டோடு குறுக்கே போவது அவர்கள் சோற்றில் கை வைக்கிற மாதிரி, வலை கரையேறும் வரை காத்திருங்கள். ‘அண்ணே, படம் எடுத்துக்கலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘எடுங்க தம்பி, ஆனா எங்களுக்கும் அனுப்பணும்’ என்பார்கள், அனுப்பிவிடுங்கள். பாசி எடுக்கப் போகிற பெண்களை, அவர்கள் நனைந்த துணியோடு கரையேறும்போது, தூரத்திலிருந்து லென்ஸ் வைத்து எடுப்பது அநாகரிகம், அதில் கலை ஒன்றும் இல்லை. கடலில் பாசி வளர்க்கிற மிதவைகளும் கயிறுகளும் எங்கே இருக்கின்றன என்று கைட் ஆட்களுக்கு முதல் நாளே காட்டச் சொல்லுங்கள்.

தங்குவதற்குக் கோயிலைச் சுற்றி அறை தேடாதீர்கள். பள்ளி விடுமுறையிலும் அமாவாசைகளிலும் வாடகை ஏறும், ஆடி அமாவாசைக்கு நிற்கவே இடம் இருக்காது. தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ மாத வாடகைக்கு வீடாகப் பிடித்தால் தனுஷ்கோடிக்கும் அரியமானுக்கும் நடுவில் இருப்பீர்கள். வாடகை பேசும்போது நல்ல தண்ணீர் எப்படி வருகிறது, குடம் கணக்கா லாரியா என்று கேளுங்கள், கேமரா, ஹவுசிங், உடம்பு எல்லாம் கழுவ உங்களுக்கு மற்றவர்களைவிடத் தண்ணீர் அதிகம் செலவாகும். தடைக்காலத்தில் மீன் விலை ஏறியிருக்கும், நுங்கும் பதநீரும் அப்போதுதான் சீசன், காலை ஷூட் முடித்து வரும் வழியில் பனையோலைப் பட்டையில் பதநீர் குடித்தால் மத்தியானம் வரை தாங்கும். கீழக்கரைப் பக்கம் போனால் தொதல் என்கிற இனிப்பை வாங்காமல் வராதீர்கள்.

காசு விஷயம். அலைப்படத்தை வைத்து மட்டும் கோடையை ஓட்ட முடியாது, கைட் கற்றுக்கொள்ள வருகிறவர்கள்தான் உங்கள் வாடிக்கை. ஒருவர் முதல் முறையாகப் போர்டு மேல் எழுந்து நிற்கிற அந்தச் சில விநாடிக்குத்தான் பணம் கொடுப்பார், ஆகவே நன்றாக ஓட்டுகிறவர் பின்னாலேயே லென்ஸைத் திருப்பிக்கொண்டு இருக்காமல் தடுமாறுகிறவரைப் பாருங்கள். ரேட்டைத் தண்ணீரில் இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பாதி முன்பணம் வாங்குங்கள். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் சின்னதாக, வாட்டர்மார்க் போட்டு ஐந்தாறு படம் அனுப்பிவிட்டால் மறுநாள் காலை முழு செட்டும் விற்றுவிடும். அவர்கள் ஊருக்கு ரயில் ஏறிய பிறகு அனுப்பினால் லைக் மட்டும்தான் வரும். கார்டைக் காலி பண்ணுவதற்கு முன்னால் இரண்டு ஹார்ட்டிஸ்கில் ஏற்றுங்கள், ஒன்றை வீட்டுக்காரம்மாவிடம் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

ஆடி முடியும் வரை இது ஓடும். புரட்டாசிக்கு மேல் காற்று தடுமாறி, வாடை பிடித்ததும் எல்லாம் தலைகீழ்: வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும், சூரியனும் தெற்கே இறங்கியிருக்கும், தனுஷ்கோடி வடகரையில் மாலை வெயில் முதுகில் விழும். இடையில் கிடைக்கிற அந்தச் சில வாரத்தில் கேமராவை மதுரைக்கோ சென்னைக்கோ சர்வீஸுக்கு அனுப்பிவிடுங்கள், கேட்கிறார்களோ இல்லையோ கடற்கரையில் ஓடிய பாடி என்று சொல்லியே கொடுங்கள்.