பேத்தி 'மாட்டேன்' என்றால் தாத்தா பாட்டி செய்யக்கூடாதவை

மலேசியாவின் ஜொகூரில், கூலாய் பக்கம் நிறைய வீடுகளில் இதுதான் கதை. மகனும் மருமகளும் விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள், அதுவரை பேரப்பிள்ளை நம் பொறுப்பு. மூன்று வயதில் அது 'மாட்டேன்' என்று காலை உதைக்கும்போது நமக்குக் கோபம் ஏறத்தான் செய்யும். நாமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு மணிக்கு ஓடி, வேலையை மேற்பார்க்கும் தண்டல் காட்டிய நிரையில் பால்மரம் சீவியவர்கள், 'முடியாது' என்று ஒரு நாளாவது வாயைத் திறந்திருப்போமா? அந்தத் தண்டல் குரலை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் முதல் தவறு.

அடுத்தது, கேள்வி. "கண்ணு, குளிக்கலாமா?" என்று கேட்கிறோம், அவள் "வேணாம்" என்கிறாள், உடனே சொல்பேச்சு கேட்காத பிள்ளை என்கிறோம். கேட்டது நாம்தானே! குளித்தே ஆகவேண்டுமென்றால் கேட்காதீர்கள், சொல்லுங்கள்: "குளிக்கிற நேரம் வந்தாச்சு. சிவப்பு வாளியா, நீல வாளியா?" வாளியை அவள் முடிவு செய்தால் போதும், குளியலில் பாதிச் சண்டை குறைந்துவிடும். இதையும் அடுப்படியிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்லவேண்டும். முட்டி வலிக்கும், தெரியும். ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பேசியைத் திடீரென்று பிடுங்காதீர்கள். 'அஞ்சு நிமிஷம்' என்பது அந்த வயதுக்குப் புரியாது, 'இந்தப் பாட்டு முடிஞ்சதும்' என்பது புரியும். முடிந்ததும் அவள் விரலாலேயே அணைக்கவிடுங்கள். அழுதால் திரும்பக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்று நாமே பாடம் எடுத்ததாகிவிடும். இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்குமேல் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியிருக்கிறது.

பயமுறுத்துவது நான் செய்த தவறு. "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்" என்று மிரட்டிச் சோறு ஊட்டினேன். வேலை சுலபமாகத்தான் முடிந்தது. இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலுக்காகக் கிளினிக் போனபோது, வாசலிலேயே என் கைலியைப் பிடித்துக்கொண்டு அவள் அலறிய அலறல் இருக்கிறதே... முதலாம் ஆண்டில் பள்ளிக்கே வந்து ஊசி போடுவார்கள், அதற்குள் இந்தப் பயத்தை எப்படி எடுப்பது என்று இப்போது யோசிக்கிறேன். போலீஸ், பூச்சாண்டி எல்லாம் இதே கணக்குதான்.

பசியிலும் தூக்கத்திலும் இருக்கிற பிள்ளையிடம் எந்தப் பேச்சும் எடுபடாது, முதலில் மைலோ கலக்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அப்புறம், "அப்பாகிட்ட சொல்லிடாதே" என்று ரகசியமாக மிட்டாய் கொடுப்பது, நம் பக்கம் இழுக்கிற ஆசைதான் அது, ஆனால் நாளைக்கு நாம் சொல்வதையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள்.

மகனோடு உட்கார்ந்து மூன்று விஷயத்தில்தான் கறார் என்று முடிவு செய்தோம்: ரோட்டுக்கு ஓடக்கூடாது, யாரையும் அடிக்கக்கூடாது, இரவில் பல் தேய்க்கணும். மற்றதில் விட்டுக்கொடுப்பதுதான். போன வாரம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு ஒரு காலில் சிலிப்பர், ஒரு காலில் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் வந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.