மிடீவல் 2: டோட்டல் வார் ஆட்டத்தில் பொன்னால் எதிரிப் படையை வளைப்பது எப்படி?

கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கி 2006-இல் வெளிவந்த ‘மிடீவல் 2: டோட்டல் வார்’ என்னும் இடைக்காலப் போர் உத்திக் கணினி ஆட்டம், 2022 முதல் கைபேசியிலும் கிடைப்பதால், பலரும் இப்போது புதிதாக அதைத் தொடங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தூதரை வணிக உரிமை கேட்பதற்கும் வரைபடத் தகவல் வாங்குவதற்கும் மட்டுமே அனுப்புகிறார்கள். அதே தூதரிடம் போதிய ஃப்ளோரின் (ஆட்டத்தின் நாணயம்) இருந்தால், முற்றுகைக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு படையைப் போரே இல்லாமல் வரைபடத்திலிருந்து அகற்றிவிட முடியும். அதற்கான வழியை, 1080-இல் தொடங்கும் இங்கிலாந்து கேம்பெயினை (இங்கிலாந்தை நடத்தி ஆடும் நீண்ட ஆட்டத்தை) எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

முதல் படி: தூதரைத் தயார் செய்தல்

நகர மன்றம் கட்டப்பட்ட நகரங்களில் தூதரைப் பணியமர்த்தலாம். தூதரின் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்டுவது அவருடைய செல்வாக்கு அளவு. புதிய தூதரை நேராக எதிரிப் படையிடம் அனுப்பாமல், முதலில் அண்டை நாடுகளோடு வணிக ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கச் செய்யுங்கள். பேச்சுகள் வெற்றி பெறப் பெற அவருடைய செல்வாக்கும் உயர வாய்ப்புண்டு. எல்லையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தூதர் நிற்பது நல்லது. ஆபத்து வந்தபின் லண்டனிலிருந்து கிளம்புகிறவர் போய்ச் சேர்வதற்குள் முற்றுகையே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: பணத்தை ஒதுக்குதல்

ஒவ்வொரு டர்னிலும் (ஆடும் முறையிலும்) கருவூலத்தைத் துடைத்துச் செலவிடுபவரால் கையூட்டுக் கொடுக்க இயலாது. அதற்காகப் பணத்தை மலையாகக் குவித்து வைக்கவும் வேண்டாம். கருவூலம் அளவுக்கு மீறிப் பெருத்தால் உங்கள் தளபதிகளுக்கே ஊழல் குணங்கள் தொற்றிக்கொள்ளும். ஒரு நடுத்தரப் படையைத் திரட்ட ஆகும் தொகையைக் கையிருப்பாக வைத்திருப்பது போதும் என்பது என் கருத்து.

இவ்வாறு பணம் கொடுத்துப் போரைத் தவிர்ப்பது கோழைத்தனம் என்று சில ஆட்டக்காரர்கள் கருதுகிறார்கள். ஆனால் உண்மை வரலாற்றிலேயே மன்னர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 1475-இல் இங்கிலாந்தின் நான்காம் எட்வர்ட் பெரும்படையுடன் பிரான்சில் இறங்கியபோது, பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி, பிக்கினி என்னும் ஊரில் ஒப்பந்தம் செய்து, உடனடியாக 75,000 கிரௌனும் ஆண்டுதோறும் 50,000 கிரௌனும் தருவதாக ஏற்று அந்தப் படையைத் திருப்பி அனுப்பினார்; எட்வர்டின் அரசவையினர் சிலருக்கும் தனித்தனியே ஓய்வூதியம் கொடுத்தார். ஒரு பெரிய போரின் அழிவோடு ஒப்பிட்டால் அது மலிவான பேரம்தான்.

மூன்றாம் படி: யாரை வளைப்பது?

வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் தீர்மானமாகின்றன. எதிரிப் படையைக் கண்டதும் அதை நடத்துபவர் யார் என்று பாருங்கள். பெயர்பெற்ற தளபதியோ அரச குடும்பத்தவரோ இல்லாமல் வெறும் கேப்டன் ஒருவர் நடத்தும் படைதான் தொடக்கக்காரருக்கு ஏற்ற இலக்கு. தளபதிகளுக்கு விசுவாசம் என்றொரு குணம் உண்டு. அது குறைந்தவரையே அணுக வேண்டும். எதிரி மன்னரின் அதிகாரம் சரிந்திருக்கும் காலத்தில் அவருடைய தளபதிகளின் விசுவாசமும் சரியும் என்பதால், அந்த டர்ன்களைத் தவறவிடாதீர்கள். இவற்றையெல்லாம் தொலைவிலிருந்து அறிய முடியாது; தூதருக்கு முன்பே ஓர் ஒற்றரை அனுப்பினால் படையில் எத்தனை பிரிவுகள், எவ்வகைப் பிரிவுகள் என்பது தெளிவாகத் தெரியும்.

எந்த நாட்டுக்கும் உட்படாத கிளர்ச்சியாளரும் நல்ல இலக்குதான். இங்கிலாந்து கேம்பெயின் தொடங்கும்போது யார்க் நகரமே கிளர்ச்சியாளர் வசம் இருக்கிறது. வடக்கே எடின்பரோவில் ஸ்காட்லாந்து காத்திருக்கிறது. உங்கள் படை வேறு பக்கத்தில் சிக்கியிருக்கும்போது, ஸ்காட்லாந்து முந்திக்கொள்ளுமுன் யார்க்கில் விலை பேசிப் பார்ப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

இலக்கு சிறியவராக இருப்பது குறையன்று. முதலாம் சிலுவைப் போரில் எட்டு மாதங்களாக விழாத அந்தியோக்கியா நகரம், 1098 ஜூனில், கோபுரக் காவலில் இருந்த ஃபிரூஸ் என்னும் ஒருவரைச் சிலுவைப் படைத் தலைவர்களில் ஒருவரான போஹமண்ட் தம் பக்கம் இழுத்ததால் விழுந்தது. நகரத் தலைவரை அவர் விலைபேசவில்லை. மதிலில் நின்றவரைப் பிடித்தார்.

நான்காம் படி: பேரம்

முதலில் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு தூதரைத் தேர்ந்தெடுத்து, எதிரிப் படையின் மீது வலது சொடுக்குச் செய்தால் அவர் அங்கே சென்று பேச்சைத் தொடங்குவார். பேரத்தில் இறங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். அந்தப் படையோடு மோதினால் நீங்கள் இழக்கக்கூடிய பிரிவுகளை மீண்டும் திரட்டும் செலவு, அவை திரளும்வரை எல்லை காவலின்றிக் கிடக்கும் ஆபத்து, முற்றுகையால் நகரம் இழக்கும் வருமானம் ஆகிய மூன்றையும் கூட்டினால் வருவதே உங்கள் உச்ச விலை. குறைந்த தொகையில் தொடங்குங்கள். மறுப்பு வந்தால் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். உச்ச விலையைத் தாண்டினால் தூதரைத் திரும்ப அழைத்துவிடுங்கள்.

அரச குடும்பத்து இளவரசி ஒருவர் அருகில் இருந்தால் பணமில்லாத வழியும் உண்டு. எதிரித் தளபதி மணம் முடிக்கச் சம்மதித்தால் உங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிடுவார். மறுத்துவிட்டால் அடுத்த முயற்சி கடினமாகும் என்பதால், முதலில் பொன்னையே முயன்று பார்க்கச் சொல்வேன்.

ஐந்தாம் படி: வளைத்தபின்

விலை பேசிய படை முழுதும் உங்கள் கொடியின்கீழ் அணிவகுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் நாட்டுக்குரிய வகைப் பிரிவுகளாக இல்லாவிட்டால் அது பெரும்பாலும் கலைந்துவிடும். ஆகவே ஓர் ஊரைப் பணத்தால் வளைக்கும்போது, காவலுக்கு நிறுத்த உங்கள் படைப் பிரிவு ஒன்றையாவது ஒரு டர்ன் நடைத் தொலைவில் முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள்.

எதிரியின் தூதர்களும் இதே பையோடு அலைகிறார்கள் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் எல்லைக்குள் நுழைந்துவிட்டால், கேப்டன் தலைமையில் தனித்து நிற்கும் உங்கள் படைகளை அந்த டர்னிலேயே கோட்டைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள், அல்லது விசுவாசம் மிகுந்த தளபதி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.