சமையல் முடியும்வரை ஒரு சிலேட்டும் பிரஷ்ஷும்

குழம்பைத் தாளிப்பதற்குள் இரண்டு வயது வாண்டு காலைக் கட்டிக்கொண்டால், கை தானாகச் செல்போனைத் தேடும். அதற்குப் பதில் பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று, டம்ளரில் கால்வாசித் தண்ணீர், ஒரு கல் சிலேட்டு கொடுத்துப் பாருங்கள். ஈரம் பட்ட இடம் கருகருவென்று தெரியும், கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும். "எங்கே போச்சு?" என்று மறுபடி தீட்டுவார்கள். பின்வாசலில் சிமென்ட் தரை இருந்தால் இன்னும் ஜோர். டைல்ஸ் தரை வேண்டாம், கோடும் தெரியாது, வழுக்கவும் செய்யும்.

அது அலுத்தால் நாலைந்து எவர்சில்வர் டப்பாக்களையும் மூடிகளையும் கலந்து போடுங்கள். எதற்கு எது பொருந்தும் என்று தேடுவதற்குள் ரசம் கொதித்துவிடும். சத்தம் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்!

கீரை ஆயவும் உட்கார வைக்கலாம். பாதி தரைக்குப் போகும், பரவாயில்லை.

ஆனால் கடலை, பட்டாணி, புளியங்கொட்டை போன்றவற்றைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். தண்ணீரும் டம்ளர் அளவோடு நிற்கட்டும். வாளி பக்கத்தில் இருக்கவே கூடாது.