பூப்போட்ட சீனக் கிண்ணத்தைக் கழுவுவது எப்படி

பென்னாகரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சீனப் பீங்கான் கிண்ணம் இருக்கிறது. அம்மாவின் தாத்தா பினாங்கிலிருந்து வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. அங்கிருந்த பெரானகன் குடும்பங்கள், அதாவது தலைமுறைகளாக மலாய் மண்ணில் குடியிருந்த சீனர்கள், சீனாவின் ஜிங்தேஜென் ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்ட வகை. வெளியே முழுக்க இளஞ்சிவப்பு பியோனிப் பூக்கள், பச்சை இலைகள், விளிம்பில் மெல்லிய பொன்கோடு. அந்தக் கோட்டில் நான்கு விரல் நீளம் இப்போது இல்லை. அழித்தது நான்தான்.

எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். ஃபுளோரைடும் அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீரில் கழுவிக் கழுவி, கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு படலம் ஏறியிருந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில், எலுமிச்சைத் தோலில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்துவிட்டேன். படலம் போனது, கூடவே பொன்னும் போனது. இரண்டு இதழ்கள் மங்கின.

ஏன் என்பது பிறகுதான் புரிந்தது. பூவின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், மேடாகத் தட்டுப்படும். வெள்ளைப் பீங்கானைச் சுமார் 1300 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு எடுத்த பிறகு, மேலே எனாமலால் வரைந்து, 700, 800 டிகிரியில் மறுபடி சுடுகிறார்கள். எனாமல் என்பது நிறம் சேர்த்த கண்ணாடித் தூள். ஈயம் கலந்திருப்பதால் குறைந்த சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஈயத்தைத்தான் புளிப்பு இழுக்கிறது. இளஞ்சிவப்புக்குள் இருப்பது தங்கம். 1720 வாக்கில் சீனாவில் வந்த முறை. விளிம்புப் பொன் எல்லாவற்றுக்கும் கடைசியில் மெலிதாக ஏற்றுவது, தேய்த்தால் முதலில் போவதும் அதுதான்.

சரி, கழுவும் விதம். முதலில் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. சத்தம் அடைத்தாற்போல் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. அல்லது முன்பு உடைந்ததைப் பசை போட்டு ஒட்டியிருக்கலாம். அப்படிப்பட்டதைத் தண்ணீரில் முக்கவே கூடாது, ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பில் மடித்த துண்டைப் பரப்பி, வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். குழாய்க்கு அடியில் பிடிக்க வேண்டாம், என் சித்தி வீட்டுத் தட்டு குழாய் மூக்கில் இடித்துத்தான் உடைந்தது. படம் வரையும் மென்மையான பிரஷால் பூக்களின் இடுக்கைத் தடவுங்கள், பொன்கோட்டைத் தொட வேண்டாம். தூக்கும்போது விளிம்பைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் அடியில் ஏந்துங்கள். கடைசி அலசலும் ஆர்.ஓ. தண்ணீரிலேயே இருக்கட்டும், அதில் போர்த் தண்ணீரை ஊற்றினால் படலம் மறுபடி வரும். துடைக்கப் பழைய வேட்டித் துணிதான் சரி. பூத்துவாலையின் நூல் உரிந்த எனாமலில் மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே கெட்டியாகப் படிந்த உப்பை அப்படியே விட்டுவிடுங்கள். படலம் இருந்தாலும் பூ பிழைத்திருக்கும்.

அடியில் சிவப்பு எழுத்து முத்திரை இருந்தால் அதையும் தேய்க்காதீர்கள். சியான்லோங் பேரரசர் (1736–1795) பெயர் இருப்பதாலேயே அது அவர் காலத்தது ஆகிவிடாது. முன்னோர் மேல் வைத்த மரியாதையில் பின்னால் வந்த குயவர்களும் பழைய பெயர்களை எழுதினார்கள்.

அம்மா அதில் நாரத்தங்காய் ஊறுகாய் வைத்ததுண்டு. இப்போது வைப்பதில்லை. தயிர், ரசம், ஊறுகாய் எதுவும் வேண்டாம், ஈயம் சாப்பாட்டில் இறங்கும். மைக்ரோவேவும் கூடாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வருடத்துக்கு ஒரு தடவை கழுவுகிறேன். மற்ற நாட்களில் பிரஷால் தூசி தட்டுவதோடு சரி.