சோப்புத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த தம்பி ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுத் தன் தோட்டத்தைக் காட்டினார். வாஷிங் மெஷினிலிருந்து ஒரு பிவிசி குழாய் சுவரோரமாகப் போய் நேராக எலுமிச்சைப் பாத்தியில் விழுகிறது. "ஒரு சொட்டுத் தண்ணி வீணாப் போகலண்ணே" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன் இதே குழாயை இதே மாதிரி எலுமிச்சைக்குப் போட்டவன் நான்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் எங்களுடையது. போர் தண்ணீரை நாக்கில் வைத்தால் கரிக்கும். வீட்டில் புழங்கும் தண்ணீரை மரத்துக்குத் திருப்பாமல் இங்கே தோட்டம் வைக்க முடியாது. அதனால் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். உரக்குழியில் பிளாஸ்டிக் போடாதே, கழிப்பறைத் தண்ணீரைக் கலக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

துணி துவைத்த தண்ணீரை ஒரே மரத்துக்கு விடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் ஒன்றல்ல. சலவைத்தூளில் சலவை சோடாவும் சோடியம் சல்பேட்டும் நிறைய இருக்கும். இரண்டுமே சோடியம் உப்பு. கரிசலின் களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்து, மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருப்பது கால்சியம். சோடியம் வந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. களர் நிலம் என்று சொல்வது இதைத்தான்.

முதல் வருடம் நம்மை ஏமாற்றிவிடும். தண்ணீர் தாராளமாகக் கிடைப்பதால் மரம் தளதளவென்று துளிர்க்கும். அந்தக் கோடையில் என் எலுமிச்சை காய்த்த காய்ப்பைத் தெருவே பார்த்தது. அடுத்த வருடம் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்துக் குறைவு என்று உரக்கடையில் நுண்ணூட்டம் வாங்கித் தெளித்தேன். மண்ணில் காரம் ஏறிவிட்டால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது என்பது அப்போது தெரியாது. இலை வாடியது தண்ணீர் போதாமல்தான் என்று நினைத்து, கையால் துவைத்த வாளித் தண்ணீரையும் கொண்டுபோய் ஊற்றினேன். பாத்தியில் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் நின்றது. காய்ந்தபோது மேலே கறுத்த, வழவழப்பான ஓர் ஏடு படிந்திருந்தது. கடப்பாரை போட்டால் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மரம் பட்டுப்போனது. தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, சாக்கடை வாடை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதே குழியில் புதுக் கன்று வைத்தேன். அதுவும் ஏழு மாதத்தில் போனது. பிறகுதான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை (pH) 9-ஐத் தாண்டியிருந்தது. 8.5-க்கு மேல் போனாலே களரோ என்று சந்தேகப்பட வேண்டும். ஜிப்சம் போட்டுக் கொத்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, பக்கத்தில் வடிகால் வெட்டினேன். ஜிப்சம் கால்சியத்தைக் கொடுக்கும். விடுபட்ட சோடியம் தண்ணீரோடு இறங்கி வெளியே போனால்தான் பலன். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் கொட்டினால் காசுதான் போகும். இரண்டு ஐப்பசி மழை பெய்த பிறகுதான் அந்த இடத்தில் புல்லே முளைத்தது.

தம்பியைக் குழாயில் ஒரு வால்வு வைக்கச் சொன்னேன். மெஷின் முதலில் தள்ளும் நுரைத் தண்ணீரில்தான் தூளின் பெரும்பகுதி இருக்கிறது. அது சாக்கடைக்குப் போகட்டும். கடைசி அலசல் தண்ணீரை மட்டும் தோட்டத்துக்குத் திருப்பலாம். அதுவும் தென்னைக்குத்தான். எலுமிச்சை, கறிவேப்பிலை பக்கமே வேண்டாம்.

ஏற்கெனவே விட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இன்றே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ எடுத்து, அந்தப் பாத்தியிலிருந்து பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை மெல்லப் போடுங்கள். ஆட்டக் கூடாது. சில மணி நேரம் கழித்துக் கட்டி உதிர்ந்து கிடந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல மங்கினால், சோடியம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். குழாயை அன்றே திருப்பிவிடுங்கள்.

டிரம்மில் பிடித்து வைப்பது

குளித்த தண்ணீரானாலும் ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே காற்றில்லாமல் அழுகி நாறும், கொசு முட்டையிடும். நாங்கள் வாழையடியில் குழி எடுத்து, தென்னை மட்டையும் சருகும் நிரப்பி, தண்ணீரை அதற்குள்ளேயே இறக்கிவிடுகிறோம். மேலே ஒரு துளி தெரியாது. மூன்று குழி இருந்தால் மாற்றி மாற்றி விடலாம்.

கீரை, மல்லி, முள்ளங்கிப் பாத்தி

இவற்றுக்கு இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

வடிகஞ்சி

உப்புப் போட்டு வடித்ததைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

எண்ணெய்ப் பாத்திரம்

பழைய பேப்பரில் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். எண்ணெய் பட்ட மண் தண்ணீரைக் குடிக்காது.

மிஞ்சின சோற்றை மாட்டுக்குக் கொட்டுவது

இது தோட்டத்து விஷயமில்லை, ஆனாலும் தெரியாமல் செய்கிற தவறு என்பதால் சொல்லிவிடுகிறேன். கழுநீர்த் தொட்டியில் ஒரு கை சோறு கரைவது வேறு, விசேஷ வீட்டில் மிஞ்சிய அண்டாச் சோற்றை மாட்டின் முன் வைப்பது வேறு. சோறு இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். அசைபோடுவது நின்று மாடு படுத்துவிடும், செத்தும் போகும். எங்கள் ஊரில் ஒரு சினைமாடு அப்படிப் போனதை நேரில் பார்த்தேன். வைத்தவர்கள் பாசத்தோடுதான் வைத்தார்கள். மாடு தப்பித்தவறி நிறையத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், அது நன்றாக நின்றுகொண்டிருந்தாலும் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.