ஜாவா 250-க்கு அசல் சிலிண்டர் தேடும் முறை: போர் (உள்விட்டம்) அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

என் தந்தையார் 1968-இல் வாங்கிய ஜாவா 250 மோட்டார்சைக்கிளை மீண்டும் ஓட வைக்க முனைந்தபோது, பெயிண்ட் வேலையும் குரோமியப் பூச்சும் ஆறே வாரங்களில் முடிந்துவிட்டன. சிலிண்டர் ஒன்றுக்காக மட்டும் பதினான்கு மாதங்கள் வண்டி செங்கல்லின் மேல் நின்றது. மைசூரில் இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டதால், இன்று இந்த வண்டிக்குக் கிடைக்கும் எந்தச் சிலிண்டரும் பழைய இருப்பாகவோ, வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதாகவோ, பிற்காலத்தில் யாரோ வார்த்ததாகவோதான் இருக்கும். அந்த மூன்றையும் பிரித்தறியும் வழியை இங்கே எழுதுகிறேன். எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு என்பதால் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை, புதிய சிலிண்டர் உண்மையிலேயே தேவையா என்று பார்ப்பது. இந்த எஞ்சினின் போர் 65 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 75 மி.மீ. வெர்னியர் காலிப்பரை வைத்து மேல் விளிம்பில் அளந்துவிட்டுத் தேய்மானம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பிஸ்டன் வளையம் எட்டாத அந்த விளிம்பு என்றைக்கும் தேயாது. அதற்குச் சற்றுக் கீழே, வளையம் மேலேறித் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி. உள்விட்டம் அளக்கும் டயல் போர் கேஜ் ஒன்றை விலை கொடுத்தோ, லேத் பட்டறையில் இரவல் கேட்டோ பெற்று, மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், பிஸ்டன் பின்னின் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் அளந்து, ஆறு எண்களையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெரிய எண், கையில் கிடைக்கும் ஓவர்சைஸ் (அசல் அளவைவிடச் சற்றுப் பெரிய) பிஸ்டனுக்குள் அடங்கினால் ரீபோர் செய்துவிட்டு (துளையை அந்த அளவுக்குக் குடைந்துவிட்டு) உங்கள் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாம். ஓவர்சைஸ் எல்லாம் தீர்ந்திருந்தால் லைனர் (உள்ளே செருகும் புதிய உலோகக் குழல்) இறக்கலாம். முன்பின் தெரியாத ஒரு சிலிண்டரைவிட, வண்டியோடு பிறந்த வார்ப்புக்குள் நல்ல லைனர் இறக்குவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. அடித்தட்டில் விரிசல், சைலன்சர் குழாயின் வளைய நட் முறுகும் மரை சிதைந்துபோனது, பல ஃபின்கள் (சூடு தணிக்கும் வெளித்தகடுகள்) உடைந்தது ஆகிய நிலைகளில்தான் நான் மாற்றுச் சிலிண்டரைத் தேடச் சொல்வேன்.

அசலாகவே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வண்டியின் மீதுள்ள பாசம் மட்டும் காரணமன்று. 2021-இல் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டி விண்டேஜ் பதிவு பெற வேண்டுமானால், அது அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

அடுத்தது, நான் சறுக்கி விழுந்த இடம். சிலிண்டர் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, போர் கேஜோடு போய், 65 மி.மீ. சரியாக இருப்பதைப் பார்த்த மகிழ்ச்சியில் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் கிரேங்க்கேஸின் (எஞ்சினின் கீழ்க்கூட்டின்) மேல் வைத்தபோது, அங்கிருந்து எரிபொருள் கலவையை மேலே ஏற்றும் டிரான்ஸ்பர் போர்ட்டின் வாய் ஒரு பக்கம் மறைந்தது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரமும் வேறாக இருந்தது. பிற்கால மாடல் ஒன்றின் சிலிண்டர் அது. அதே தொழிற்சாலையின் பிற்கால வண்டியான எஸ்டி ரோட்கிங்குக்கும் இதே 65, 75 அளவுதான். ஆனால் பழைய ஜாவா தருவது 12 குதிரைத்திறன், ரோட்கிங் தருவது 16. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வின் வேலையைச் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட்டுகளே செய்கின்றன; ஆகவே அவற்றின் உயரமும் அகலமும் மாறினால் எஞ்சினின் குணமே மாறிவிடும்.

இதைத் தவிர்க்க, தேடப் புறப்படும் முன்பே உங்கள் பழைய சிலிண்டரிலிருந்து இரண்டு அச்சுகள் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டைக் கெட்டி அட்டையின் மேல் வைத்து ஸ்டட் துளைகளையும் போர்ட் வாய்களையும் வரைந்து வெட்டினால் ஓர் அச்சு ஆயிற்று. மெல்லிய வெள்ளைத் தாளைச் சுருட்டிச் சிலிண்டருக்குள் சுவரோடு ஒட்டினாற்போல் விட்டு, தாளின் மேல் ஓரத்தைச் சிலிண்டரின் மேல் விளிம்போடு பொருத்தி, போர்ட் ஓரங்களைப் பென்சில் கரியால் தேய்த்தால், தாளை விரிக்கும்போது எல்லாப் போர்ட்டுகளும் தத்தம் உயரத்தோடு பதிந்திருக்கும். இதுவே இரண்டாவது அச்சு. கடைக்காரர் முன்னிலையிலேயே இவ்விரண்டையும் அவர் காட்டும் சிலிண்டரில் வைத்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் தடுக்கமாட்டார். தடுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

தேடும் இடங்களில் என் முதல் தேர்வு மைசூரும் பெங்களூரும்தான். பழைய ஏஜென்சிகளை நடத்தியவர்களின் குடும்பங்களில் இன்னும் பெட்டி பிரிக்காத இருப்பு அங்கங்கே கிடக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய சிலிண்டர்கள் கிடைக்கும். அங்கே பொறுமை வேண்டும். இந்த மாடல் செக் நாட்டு ஜாவாவின் உரிமத்தில் செய்யப்பட்டது என்பதால் அந்நாட்டு உதிரிபாக விற்பனையாளர்களிடமும் கேட்கலாம். ஆனால் தாள் அச்சின் படத்தை அளவுகோலோடு அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

பயன்படுத்தாத பழைய இருப்பு என்று சொன்னால், எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்; கரி படிந்திருந்தால் அது ஓடிய சிலிண்டர். அடித்தட்டில் கேஸ்கெட்டின் தடம் இருந்தாலும் அப்படியே. புது பெயிண்ட் அடித்திருந்தால் விரிசலைத் தேடுங்கள்: மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊற வைத்து, நன்கு துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினால், விரிசல் இருக்குமிடத்தில் எண்ணெய்க் கோடு தெரியும்.

வாங்கிய பிறகு, வளையம் போடாத பிஸ்டனோடு ஒருமுறை மாட்டி, பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அதன் தலை, எக்ஸாஸ்ட், டிரான்ஸ்பர் போர்ட்டுகளின் கீழ் ஓரத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். போர்ட்டின் ஓரம் பிஸ்டன் தலைக்கு மேலே துருத்தி நின்றால் லைனரோ கேஸ்கெட்டோ தவறு.

பின்சேர்க்கை: இந்த முறையில் சிலிண்டர் வாங்கி ரீபோர் செய்த ஒருவர், நூறு கிலோமீட்டருக்குள் வளையம் உடைந்ததாக எழுதியிருந்தார். போர் செய்தபின் போர்ட் ஓரங்கள் கத்திபோல் கூராகிவிடும். ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) முடிந்ததும் எல்லா ஓரங்களையும் மெல்லிய அரத்தாலும் எமரித் தாளாலும் மழுக்கித் தரும்படி பட்டறையில் கேளுங்கள். அவருடைய பட்டறையில் அதைச் செய்யவில்லை. வளையத்தின் வாய் இடைவெளியையும் சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் பார்த்துவிடுங்கள். இந்தப் போருக்கு ஏறத்தாழ 0.25 மி.மீ. என்று வைத்து நான் மாட்டியிருக்கிறேன். வளையத்தின் வாய், பிஸ்டனிலுள்ள சிறு முளையின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பின்பே சிலிண்டரை இறக்குங்கள்.