செடில செஞ்சிலந்தி வந்துருச்சுங்களா? இலையத் திருப்பிப் பாருங்க

மாசி கடந்து வெயில் ஏறுச்சுன்னா நம்ம கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் பால்கனில இருக்கற ரோஜா, ஹால்ல இருக்கற அரேகா பாம் எல்லாம் ஊசில குத்துனாப்பல பொடிப்பொடியா வெளிர்மஞ்சப் புள்ளி விழுந்து நிக்குமுங்க, உடனே சத்து பத்தலைன்னு யூரியாவ அள்ளிக் கொட்டீராதீங்க, அது செஞ்சிலந்தி வேலையா இருக்கும், தழைச்சத்து ஏறுனா அந்தச் செஞ்சிலந்தி இன்னும்தான் பெருகும்.

ஒரு வெள்ளைப் பேப்பர இலைக்கு அடியில புடிச்சு ரெண்டு தட்டு தட்டுங்க. தூசிதான் விழுகும், ஆனா உத்துப் பாத்துட்டே இருந்தா அதுல சிலது நடக்கும். அதேதான் செஞ்சிலந்தி. நெம்ப முத்திப்போச்சுன்னா இலைக்காம்பு சேர்ற எடத்துல மெல்லிசா நூல் கட்டியிருக்கும்.

இது பூச்சியே இல்லீங்க, எட்டுக் கால், உண்ணி சாதி, அரை மில்லிமீட்டர் இருந்தாலே பெருசு. மருந்துக்கடைல போய் பொதுவா பூச்சி மருந்துன்னு கேட்டா கைல குடுக்கற இமிடாகுளோப்ரிட் எல்லாம் இதுக்குக் கேக்காது, அத அடிச்சா சிலந்தியத் திங்கற நல்ல பூச்சிகதான் சாகும், இது ஜாஸ்தியாயிரும்.

மொதல்ல அந்தத் தொட்டியத் தனியாத் தூக்கி வைங்க, இலையோட இலை ஒட்டியிருந்தா நடந்தே போயிரும், காத்து அடிச்சா நூல்ல தொங்கிப் பறந்தும் போயிரும். நூல் கட்டுன இலைகள வெட்டி கவர்ல கட்டிப் போட்டுருங்க, உரக்குழில வேண்டாம். அப்பறம் பாத்ரூமுக்குக் கொண்டுபோய் தொட்டி மண்ண கவர்ல மூடிட்டு, ஹேண்ட் ஷவர இலைக்கு அடியில காட்டி நல்லா வேகமா அடிங்க. என்னையக் கேட்டா பாதி வேலை இதுலயே முடிஞ்சுதுங்க.

இலை காஞ்சதும் சாயந்தரம் பொழுதோட வேப்பெண்ணெய் அடிக்கோணும். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 1 மில்லி சோப்புக் கரைசல், மொதல்ல ரெண்டையும் நல்லாக் கலக்கிட்டு அப்பறம் தண்ணி ஊத்துங்க. இங்கதான் நம்மூரு சிக்கல், போர் தண்ணி உப்புத்தண்ணி, சோப்பு திரிஞ்சு எண்ணெய் மேல மெதக்கும், அதனால சிறுவாணித் தண்ணியோ மழைத்தண்ணியோ எடுங்க (ஆர்ஓ மிஷின் கழிச்சு விடற தண்ணிய மிச்சம் புடிக்கறேன்னு எடுக்காதீங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி). ஒரே ஒரு இலைல அடிச்சு ஒரு நாள் பாத்துட்டு, கருகலைன்னா மத்ததுக்கு அடிங்க. இலைக்கு மேல மட்டும் அடிச்சா அடிக்காத மாதிரிதான், அது குடியிருக்கறதே அடியில.

ஒருக்கா அடிச்சு செடி தெளிஞ்சுருச்சுன்னு விட்டுட்டா போச்சு, முட்டை தப்பிச்சுக்கும், நம்ம வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல அடுத்த தலைமொறை வந்துரும். அதனால 5 நாளைக்கு ஒருக்கான்னு மூணு தடவையாச்சும் அடிங்க.

அப்பயும் அடங்கலைன்னா நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர், தண்ணில கலக்கி அடிக்கற கந்தகப் பொடி) லிட்டருக்கு 2 கிராம், வெளிய இருக்கற செடிக்கு மட்டும், மாஸ்க் போட்டுட்டு. வெயில் 32 டிகிரி தாண்டுற நாள்ல அடிச்சா இலை பொசுங்கும், அதனால சித்திரைல யோசிக்கவே வேண்டாம். எண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆகாமயும் கந்தகத்தத் தொடாதீங்க.